ஈறில் ரத்தம் வந்தால் பல் தேய்ப்பதை நிறுத்தலாமா?



நம் குழுக் கூட்டங்களில் ரத்தசோகை பற்றிப் பேசுகிறோம், சர்க்கரை நோய் பற்றிப் பேசுகிறோம். ஈறைப் பற்றி மட்டும் பேசுவதே இல்லை. ரத்தம் வந்தால், "பிரஷ் பட்டுத்தான் வருது, நாலு நாள் தேய்க்காம விட்டா சரியாப் போயிரும்" என்று இருந்துவிடுகிறோம். இது சரியா? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கிருமியில் இரண்டு வகை

பல்லைச் சொத்தையாக்கும் கிருமி சர்க்கரையைத் தின்று வாழ்கிறது. ஈறைக் கெடுக்கும் கிருமி வேறு. அதில் முக்கியமானது போர்பிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ். இதற்குச் சர்க்கரை வேண்டாம், புரதம்தான் வேண்டும்.

இதனால் சொத்தை இல்லாதவர்களுக்கும் பல் விழலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்கள் 480 பேரின் வாயை, ஹரால்ட் லோ என்ற அறிஞரின் குழு 1970 முதல் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1986இல் முடிவை வெளியிட்டது. அவர்களுக்கு பிரஷ் பழக்கமும் இல்லை, பல் வைத்தியமும் எட்டவில்லை. சொத்தை அநேகமாக யாருக்கும் இல்லை. ஆனால் ஈறு நோய் இருந்தது. 100க்கு 8 பேருக்கு அது வேகமாக முற்றியது, 81 பேருக்கு மிதமான வேகத்தில் முற்றியது. 11 பேருக்கு மட்டும் ஈறு வீக்கத்தோடு நின்றது.

கிருமி எப்படிச் சாப்பிடுகிறது?

கறி சீக்கிரம் வேக பப்பாளிக்காய்த் துண்டு போடுவோம் இல்லையா? பப்பாளியில் உள்ள நொதி கறியின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. நாம் தின்ற பருப்பையும் முட்டையையும் வயிற்றில் செரிக்க வைப்பதும் இதுபோன்ற நொதிதான். இந்தக் கிருமிக்கு வயிறு கிடையாது. அதனால் நொதியை வெளியே விட்டு, நம் ஈறின் புரதத்தை அங்கேயே கரைத்து உறிஞ்சுகிறது. அந்த நொதிக்கு ஜின்ஜிபெயின் என்று பெயர். அது செய்யும் வேலைகள்:

1. ஈறைப் பல்லோடு பிடித்து வைத்திருக்கும் புரதத்தை அரிக்கிறது. இடையில் பை போல் பள்ளம் விழுகிறது. காற்றுப் படாத அந்த இடம் கிருமிக்கு வசதியான வீடு.

2. ரத்தத்தை உறைய விடாமல் செய்கிறது. சிவப்பணுவை உடைத்து இரும்புச்சத்தையும் எடுத்துக்கொள்கிறது.

3. ரத்தக் குழாயைக் கசிய வைக்கிறது. புரதம் நிறைந்த நீர் ஈறிலிருந்து இன்னும் ஊறுகிறது.

4. கிருமியை எதிர்க்கும் நம் உடம்பின் புரதங்களையும் வெட்டிவிடுகிறது. மிச்சத்தைத் தின்று பக்கத்துக் கிருமிகளும் பெருகுகின்றன.

ஈறு வீங்க வீங்கக் கிருமிக்குச் சாப்பாடு கூடுகிறது. சாப்பாடு கூடக் கூட ஈறு இன்னும் வீங்குகிறது. கந்துவட்டி மாதிரிதான், விட்டால் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் பல்லைத் தாங்கும் எலும்பும் கரைந்து பல் ஆடும்.

"அப்படின்னா முட்டை, பருப்பைக் குறைக்கணுமா?" வேண்டாம். நாம் தட்டில் போட்டுச் சாப்பிடுவதால் இந்த நோய் வருவதில்லை. இரும்பும் புரதமும் நமக்குத்தான் அவசியம்.

நாம் செய்ய வேண்டியது

1965இல் டென்மார்க்கில் லோவின் குழு 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னது. 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கியதும் சில நாளிலேயே சரியானது. ஆகவே ரத்தம் வந்தால் தேய்ப்பதை நிறுத்தக் கூடாது.

● மென்மையான பிரஷால் காலையும் இரவும், ஈறு ஓரத்தில் அழுத்தாமல் தேய்ப்போம். செங்கல்பொடி, சாம்பல் வேண்டாம்.

● ரத்தம் நிற்காவிட்டால் பல் டாக்டரைப் பார்ப்போம். ஆழமான பைக்குள் பிரஷ் போகாது, காரையை டாக்டர்தான் எடுக்க வேண்டும். காரை எடுத்தால் பல் ஆடும் என்பது தவறு. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு.

● சர்க்கரை நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கூடுதல் கவனமாக இருப்போம். வெற்றிலையோடு புகையிலை போடுவதை விட்டுவிடுவோம்.

குழுவில் பேசுவோம்

நம் குழுவில் எத்தனை பேருக்குப் பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது? அதில் எத்தனை பேர் டாக்டரிடம் காட்டியிருக்கிறோம்? அடுத்த கூட்டத்தில் கணக்கெடுத்து, காட்டாதவர்கள் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து போய் வருவோம்.