பென்சில் புள்ளி

அன்புள்ள கயலுக்கு,

நேற்று ராத்திரி உன் அம்மா போன் பண்ணியிருந்தாள். பி.சி.ஏ. சேர்ந்து முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாயாம். கம்ப்யூட்டர் படிக்கப் போன இடத்தில் பற்று வரவு எழுதச் சொல்கிறார்கள். அடுத்த வருடம் 'சிஸ்டம் அனாலிசிஸ்' என்று ஒரு தாள், அதற்கப்புறம் 'மேனேஜ்மென்ட் இன்பர்மேஷன் சிஸ்டம்' என்று இன்னொன்று. இதெல்லாம் கம்ப்யூட்டரே இல்லை என்றாயாம். போதாததற்குக் கல்யாண வீட்டில் யாரோ, "ஏங்கண்ணு, இன்ஜினியரிங் கிடைக்கலையா?" என்று கேட்டுத் தொலைத்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல ஆரம்பித்தால் நமக்கு வயசுதான் ஆகும். பாடத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலையில்தான் உன் மாமன் சோறு தின்கிறான்.

நீ படிப்பதை ஏறக்குறைய அப்படியே வெளிநாட்டுக் கல்லூரிகளில் 'கம்ப்யூட்டர் இன்பர்மேஷன் சிஸ்டம்ஸ்' என்பார்கள். கணினி, தகவல், அமைப்பு. இந்த மூன்றில் பின்னிரண்டும் கணினி பிறப்பதற்கு முன்பே நம் ஊரில் இருந்தவை. உன் தாத்தா கடையில் இருந்த பேரேடும் நாள்வழியும் தகவல் அமைப்புதான். கரண்ட் மட்டும் தேவைப்படவில்லை.

வியாபாரத்துக்கென்று கணினி கட்டி ஓட்டிய முதல் நிறுவனம் எது தெரியுமா? இங்கிலாந்தில் டீக்கடைகள் நடத்தின லயன்ஸ் கம்பெனி. டீ, கேக், ரொட்டி விற்கிறவர்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒரு கணினி உருவாகிறது என்று கேள்விப்பட்டு, அதற்குப் பணமும் ஓர் ஆளும் கொடுத்து உதவி, பிறகு அதைப் பார்த்துத் தங்களுக்கென்று ஒன்று கட்டிக்கொண்டார்கள். பெயர் லியோ. 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்குப் போட ஆரம்பித்தது.

எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் 1954-இல் அவர்கள் செய்தது. ஒவ்வொரு டீக்கடைப் பொறுப்பாளரும் நாளைக்கு எத்தனை ரொட்டி, எத்தனை கேக் வேண்டும் என்று தினமும் சொல்ல வேண்டும். எல்லாக் கடையும் எல்லாச் சரக்குக்கும் தினம் ஒரு பட்டியல் எழுதி அனுப்பினால் அதை மெஷினுக்குள் ஏற்றுவதற்கே விடிந்துவிடும். அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஒவ்வொரு கடைக்கும் ஒரு வாடிக்கைப் பட்டியலை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டார்கள். கடைக்காரப் பெண்மணி போனில் மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். நம் வீட்டில் பால்காரரிடம் சொல்வதில்லையா, "நாளைக்கு மட்டும் அரை லிட்டர் கூடப் போடுங்க" என்று? அதேதான். இதில் மின்னணு எங்கே இருக்கிறது, சொல். கடையில் வேலை எப்படி நடக்கிறது, எது தினமும் மாறாதது, எது மாறுவது என்று உட்கார்ந்து பார்த்த ஒருவரின் மூளை இருக்கிறது. அந்த வேலைகளை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் டேவிட் காமினர். அவர் மின்னணுப் பொறியாளர் இல்லை, அலுவலக நடைமுறைகளை ஆராயும் பிரிவிலிருந்து வந்தவர். உன் சிஸ்டம் அனாலிசிஸ் தாள் அந்த டீக்கடையில் பிறந்தது என்றே சொல்லலாம்.

இப்போது என் கதை. உன் அம்மாவுக்குக்கூட முழுசாகத் தெரியாது.

2003-இல் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு நான் மென்பொருள் எழுதினேன். விஷுவல் பேசிக்கும் ஆக்சஸும் தெரிந்தால் உலகத்தையே புரட்டிப் போடலாம் என்று நினைத்த காலம். விவசாயி மூட்டை கொண்டுவந்து இறக்குவார்; விரலியா கிழங்கா என்று பிரித்து வரவு வைப்பார்கள்; விலை வரும்வரை சரக்கு குடோனில் கிடக்கும்; ஏலத்தில் போனதும் கமிஷன், ஏற்றுக்கூலி கழித்துப் பட்டியல் போட்டுப் பணம் கொடுப்பார்கள். மூன்று நாள் உட்கார்ந்து பேரேட்டைப் பார்த்துப் பத்தி பத்தியாக அப்படியே திரையில் கொண்டுவந்துவிட்டேன். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பட்டியல் அழகாக வந்தது. முதலாளிக்கு ரொம்பச் சந்தோஷம்.

இரண்டாவது வாரம் ஒரு பெரியவருக்கு எழுபதாயிரத்துச் சொச்சம் பட்டியல் போட்டு, பணமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் கணக்குப்பிள்ளை வந்தார். பழைய பேரேட்டை விரித்து அந்தப் பெயருக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். பெயரின் இடது ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அத்தனை சின்னது. காகிதத்தில் இருக்கும் அழுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். "புள்ளி இருந்தா முன்பணம் வாங்கியிருக்காருன்னு அர்த்தம் தம்பி. அந்தக் கணக்கு தனி நோட்டுல இருக்கு. அதைப் பார்த்துக் கழிச்சுட்டுத்தான் கையில கொடுப்போம்" என்றார்.

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ கேக்கலையே" என்றார்.

பெரியவர் நல்ல மனுஷர், மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். என் மானம்தான் திரும்பி வரவில்லை. நிரலில் ஒரு வரி தப்பில்லை, பார். நான் எழுதியது எல்லாமே சரியாக ஓடியது. அந்த இடத்தின் தகவல் பாதி பேரேட்டிலும், கால்வாசி தனி நோட்டிலும், மிச்சம் அந்த மனிதரின் தலைக்குள்ளும் இருந்தது. பேரேட்டையும் நோட்டையும் சேர்த்துக் கட்டின நூல் அந்தப் புள்ளி. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலைக்குத்தான் உன் கல்லூரியில் ஒரு தாள் முழுவதும் ஒதுக்கியிருக்கிறார்கள். துரதிர்ஷ்டவசமாக அதை வகுப்பில் கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்தே முடித்துவிடுவார்கள். மதிப்பெண்ணுக்கு அதையும் வரை.

அக்கவுன்ட்ஸ் எதற்கு என்றாயே, அதற்கு வருகிறேன். கணக்குப் புத்தகத்தில் தப்பாக எழுதிவிட்டால் அடித்துத் திருத்தக்கூடாது, எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று ப்ளஸ் டூவிலேயே படித்திருப்பாய். ஏன் என்று யோசித்தாயா? நடந்தது நடந்ததுதான், அதை இல்லாமல் ஆக்கக்கூடாது. நேற்றைய இருப்பு என்ன என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட முடிய வேண்டும். தரவுத்தளத்தில் 'அப்டேட்' கொடுத்தால் பழையது போயே போச்சு. டேட்டாபேஸ் படிக்கும் பிள்ளைகள் முதல் நாளே 'டிலீட்' கற்றுக்கொள்கிறார்கள். எதை அழிக்கக்கூடாது என்று கணக்குப்பிள்ளைகள்தான் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் கம்பெனிகள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருளில் எந்தப் பதிவு எப்போது மாற்றப்பட்டது என்ற தடம் இருந்தே ஆக வேண்டும், அதை அணைத்து வைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. ஆக, பற்று வரவு தெரிந்தவள் என்பதில் உனக்கு நஷ்டமில்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு அது கிடையாது.

எல்லாப் பாடத்தையும் ஒரே மாதிரி உருட்டிப் படிக்காதே. ஜாவாவோ பைத்தானோ ஏதாவது ஒரு மொழி கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். மொழிகள் மாறிக்கொண்டே இருக்கும். டேட்டாபேஸை மட்டும் விடாதே. 1970-இல் எட்கர் காட் என்று ஐ.பி.எம்.மில் இருந்த ஒரு கணித ஆள், தகவலையெல்லாம் வெறும் அட்டவணைகளாக வைத்துக்கொண்டு, அவற்றைப் பொதுவான சாவிகளால் இணைத்தால் போதும் என்று ஒரு கட்டுரை எழுதினார். நான்கு வருடம் கழித்து அதே கம்பெனியைச் சேர்ந்த சேம்பர்லினும் பாய்ஸும் அந்த அட்டவணைகளிலிருந்து தகவலைக் கேட்டு வாங்க ஒரு மொழி செய்தார்கள். இன்றைய எஸ்.கியூ.எல். அதிலிருந்து வந்தது. பாய்ஸ் அந்த வருடமே இறந்துபோனார், இருபதுகளில் இருந்த பையன். உன் புத்தகத்தில் 'பாய்ஸ்-காட் நார்மல் ஃபார்ம்' என்று வரும்போது நினைத்துக்கொள். அரை நூற்றாண்டு ஆகியும் இந்த யோசனை அசையவில்லை. உன் வாட்ஸ்ஆப் அரட்டைகூட உன் போனுக்குள் இப்படி ஓர் அட்டவணையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

நார்மலைசேஷனைப் பார்த்து எல்லோரும் பயப்படுவார்கள். மண்டியை வைத்துச் சொல்கிறேன். ஒவ்வொரு வரவுக்கும் ஒரு வரி. அந்த வரியில் தேதி, மூட்டை, ரகம், விவசாயி பெயர், ஊர், போன் எண் என்று எல்லாவற்றையும் எழுதுகிறாய். ஒருவர் நாற்பது தடவை சரக்குப் போட்டால் அவர் போன் எண் நாற்பது இடத்தில் இருக்கும். எண்ணை மாற்றினால் முப்பத்தொன்பதில் திருத்திவிட்டு ஒன்றை மறந்துபோவோம். என்றைக்கோ அந்த ஒன்றைப் பார்த்துத்தான் யாராவது போன் செய்வார்கள். ஆகவே ஆளுக்குத் தனி அட்டவணை, சரக்குக்குத் தனி அட்டவணை, இரண்டையும் இணைக்க ஓர் எண். ஒரு விஷயத்தை ஓர் இடத்தில்தான் எழுத வேண்டும். இரண்டாம், மூன்றாம் நார்மல் ஃபார்ம் இரண்டுமே இதைத்தான் வெவ்வேறு கண்டிப்போடு சொல்கின்றன.

அந்த எண் எதற்கு, பெயரே போதாதா என்று கேட்பாய். நம் ஊரில் பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது என்ன பாடு என்று உனக்கே தெரியும். ஒரே கிராமத்தில் நாலு பழனிச்சாமி, அதில் இரண்டு பேருக்கு அப்பா பெயரும் ஒன்று. பான் கார்டைப் பார். பத்து எழுத்தில் நாலாவது எழுத்து 'பி' என்றால் தனிநபர். ஐந்தாவது எழுத்து அவருடைய கடைசிப் பெயரின் முதல் எழுத்து. நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியல்தானே. விண்ணப்பத்தில் அப்பா பெயரை அங்கே எழுதினவருக்கு ஓர் எழுத்து வரும், தன் பெயரையே எழுதினவருக்கு வேறு எழுத்து வரும். குடும்பப் பெயர் உள்ளவர்களை மனதில் வைத்து யாரோ வரைந்த கட்டத்துக்குள் நாம் போய் உட்காருகிறோம். நாளைக்கு நீ ஒரு படிவம் வடிவமைக்கும்போது இதை மறந்துவிடாதே.

தமிழ் எழுத்தும் இப்படித்தான். இன்றைக்கே பைத்தானைத் திறந்து 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டுப் பார். மூன்று என்று நினைப்பாய். ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. அடுத்து மதி, மருது, மலர், மனோகரன் என்று நாலு பெயரைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல். மனோகரன் மருதுவுக்கு முன்னால் போய் நிற்பார். யூனிகோடில் மற்ற இந்திய மொழிகளின் அட்டவணைக்கு இணையாகத் தமிழை வைத்தபோது னகரம் நகரத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். குறியீட்டு எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்தினால் இந்தக் கூத்துதான். தமிழுக்கான வரிசை விதியைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்த வேண்டும், அது இருக்கிறது. வாக்காளர் பட்டியலோ மாணவர் பட்டியலோ தமிழில் போடும் வேலை உன் கைக்கு வந்தால், தெரியாதவர்கள் நடுவில் நீ பெரிய ஆள்.

கடைசி வருடப் பிராஜெக்ட் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நேரமிருக்காது. ரெடிமேடாக விற்கும் கடைகள் இருக்கின்றன. காசு கொடுத்தால் பைண்டிங் போட்டே கொடுப்பார்கள். வாங்காதே. 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்' பக்கமும் போகாதே. அதைப் பார்த்துப் பார்த்துத் தேர்வாளர்களுக்கே தூக்கம் வரும். உங்கள் விடுதி மெஸ்ஸை எடுத்துக்கொள். ஊருக்குப் போன நாளுக்குக் கழிவு எப்படிக் கொடுக்கிறார்கள், மாதக் கடைசியில் அரிசி மீந்தால் யார் கணக்கில் போகிறது, விருந்தாளிக்குச் சாப்பாடு போட்டால் எங்கே எழுதுகிறார்கள் என்று மாஸ்டரிடம் கேள். ஒரு வாரம் கம்ப்யூட்டரைத் தொடாமல் நோட்டும் பேனாவுமாகத் திரி. அந்த நோட்டைத்தான் நேர்முகத்தேர்வில் காட்ட வேண்டும்.

ஏ.ஐ. எல்லா நிரலையும் எழுதிவிடுமே, பிறகு நமக்கு என்ன வேலை என்று உன் வகுப்பில் பேசிக்கொள்கிறார்களாம். நானும் தினமும் அதை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், நன்றாகவே எழுதுகிறது. அன்றைக்கு அது என் கையில் இருந்திருந்தால் மண்டி மென்பொருளை இரண்டு நாளில் முடித்திருப்பேன். பெரியவருக்கு எழுபதாயிரம் இன்னும் சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

எம்.சி.ஏ. பற்றி உன் அப்பா கேட்டார். முன்பு போல மூன்று வருடம் இல்லை. 2020-21 முதல் இரண்டே வருடம்தான். அதை இரண்டாம் வருடத்தில் பேசிக்கொள்ளலாம், இப்போது அவசரமில்லை.

தீபாவளிக்கு ஊருக்கு வா. மண்டியில் பழைய பேரேடுகளைக் கழித்துக் கட்டினபோது ஒன்றை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். புள்ளியைக் காட்டுகிறேன். அதிலேயே சில பெயர்களுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு சின்னக் கோடு இருக்கிறது. இத்தனை வருடமாக அது என்னவென்று எனக்கும் புரியவில்லை. கணக்குப்பிள்ளைக்கு எண்பது தாண்டிவிட்டது, பவானியில் மகன் வீட்டில் இருக்கிறார். இரண்டு பேரும் போய்க் கேட்டுவிட்டு வருவோம். வெற்றிலை வாங்கிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் வாயைத் திறக்க மாட்டார்.

அன்புடன்,
மாமா