கோயம்புத்தூர் புகட்டும் விஞ்ஞானப் பாடம்

ஆலைகள் பல எழுந்துவிட்டமையால் ஒரு நகரில் விஞ்ஞானம் வேரூன்றிவிட்டது எனக் கொள்ளுதல் பொருந்தாது. பொறியை விலைக்கு வாங்கலாம். அஃது ஏன் அவ்வாறு இயங்குகிறது என வினவும் உள்ளத்தை வாங்க இயலுமோ? இவ்வினாவுக்குக் கோயம்புத்தூரின் வரலாறு தக்கதொரு விடை பகரும்.

1888ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்டேன்ஸ் அங்கு நூற்பாலை நிறுவினார். அக்காலத்து ஆலைப் பொறிகள் இங்கிலாந்திலிருந்தே வந்தன. ஆயின் அந்நகரத்தார் பிறர் பொறியை இயக்குவதோடு அமையவில்லை. 1912இல் அங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. பார்பர், வெங்கட்ராமன் என்னும் அறிஞர் இருவரும் பருத்த கரும்பை நாணல் இனத்துக் காட்டுக்கரும்புடன் கலந்து, வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்கவல்ல புதுவகையை உண்டாக்கினர். 1918இல் வெளிவந்த 'கோ 205' என்னும் அக்கரும்பின் பெயரில் 'கோ' என்பது கோயம்புத்தூரையே குறிக்கும்.

கொங்குநாடு மழை குன்றிய நிலம், கிணறுகளோ ஆழமானவை. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபோது, கவலை இறைத்த உழவர்க்கு மின்மோட்டார் தேவையாயிற்று. ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937இல் அதனை உள்ளூரிலேயே ஆக்கினர். பட்டறையறிவு பின்னர் கல்லூரிகளாக மலர்ந்தது: 1945இல் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியும், 1951இல் பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரியும் எழுந்தன. 1956இல் தென்னிந்திய நெசவு ஆராய்ச்சிச் சங்கம் உருவாயிற்று. தேவை முதலிலும், பட்டறை அடுத்தும், கல்விச்சாலை அதன் பின்னும் வந்த ஒழுங்கினை நோக்குக.

இனி நம் மண்ணைப் பார்ப்போம். 1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. அதனை ஆராய மார்ஷல் வார்ட் வந்து சேர்ந்தது 1880இலேயாம். காற்றில் பறக்கும் பங்கசு வித்திகளே நோயைப் பரப்புகின்றன என்றும், இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமை அதற்கு வழிகோலிற்று என்றும் அவர் தெளிவுறுத்தினார். அவ்வாண்டிலேயே மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. வண்டி வந்தது, ஏற்றவேண்டிய கோப்பியோ அழிந்துகொண்டிருந்தது! பாதையமைத்த ஊக்கத்துடன் நோயையும் உரிய காலத்தில் ஆராய்ந்திருப்பின் அழிவு ஓரளவேனும் குறைந்திருக்கும் அன்றோ?

இன்று மாத்தளையில் ஏற்றுமதிப் பயிர்களுக்கான ஆராய்ச்சி நிலையம் உளது. மிளகும் கொக்கோவும் அங்கு ஆராயப்படுகின்றன. நம் மாணாக்கர் அதன் வாயிலைக் கடந்து செல்வோராக மட்டும் இருத்தல் தகாது. உள்ளே சென்று வினவுவோராதல் வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்கும் ஆய்வுகூடம் திறந்திருத்தல் வேண்டும். கல்லூரியின் பழைய மாணவர் செய்யத்தக்க பணி இதனினும் சிறந்தது யாதுளது?