கிலோ_விலை ஏன் ஓடவில்லை?

கேள்வி: 500 கிராம், 2 கிலோ என எந்தப் பாக்கெட் விலையையும் கிலோ கணக்குக்கு மாற்ற, ஆர் மென்பொருளில் 'கிலோ_விலை' என்று ஒரு ஃபங்ஷன் எழுதினேன். மடிக்கணினியில் நன்றாக ஓடுகிறது. மலேசிய அரசின் பிரைஸ்கேட்சர் விலைத் தரவை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றி, டிபிபிளையர் என்ற ஆர் தொகுப்பு வழியாக அதையே கூப்பிட்டால், 'அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை' என்கிறது. சராசரி மட்டும் எப்படி வருகிறது?
– வாசகி, கிள்ளான்

பதில்: உங்கள் ஃபங்ஷன் தரவுத்தளத்துக்குப் போய் அங்கே ஓடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது போவதே இல்லை, சகோதரி.

போஸ்ட்கிரெஸுக்குப் புரிவது எஸ்கியூஎல், அதாவது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி. நீங்கள் எழுதிய வரியை டிபிபிளையர் கணக்கிடாமல் அப்படியே பிடித்து, எஸ்கியூஎல்லாக மாற்றி அனுப்புகிறது. பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் 'சீனி கம்மியா ஒரு டீ' என்றால், பையன் உள்ளே மலாயில் 'தே தாரிக் குராங் மானிஸ்' என்று குரல் கொடுப்பான். உங்கள் பாட்டி வைக்கும் கஷாயத்தைக் கேட்டால், பேரை அப்படியே கத்துவான். கலக்குபவர் கையை விரிப்பார். சராசரிக்கு டிபிபிளையரிடம் 'ஏவிஜி' என்ற மாற்றுச்சொல் உண்டு. கிலோ_விலைக்கு இல்லை; அதனால் பேரை அப்படியே அனுப்ப, போஸ்ட்கிரெஸ் கையை விரிக்கிறது. ஃபங்ஷனின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றும் டிபிபிளையர் பார்ப்பதில்லை. சந்தேகம் இருந்தால் 'ஷோ_குவெரி' போடுங்கள், அனுப்பிய வரியே திரையில் வரும்.

சராசரியையும் முழுதாக நம்பாதீர்கள். விடுபட்ட விலை ஒன்று இருந்தாலே ஆர் 'என்ஏ' (மதிப்பு இல்லை) என்று நின்றுவிடும். எஸ்கியூஎல் அதைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும்.

பிஎல்/ஆர் என்ற இணைப்பைப் போட்டால் ஆர் நிரலைப் போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே ஓட்டலாம். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. பிரைஸ்கேட்சரின் மாதாந்திர விலைக் கோப்பில் தேதி, கடை எண், பொருள் எண், விலை மட்டுமே உண்டு. '500g' போன்ற அளவு இருப்பது தனியான பொருள் பட்டியலில். அது சில நூறு வரிதான். அதை மடிக்கணினிக்கு இழுத்து, உங்கள் ஃபங்ஷனில் அளவைக் கிலோவாக்கும் பகுதியை மட்டும் அங்கே ஓட்டி, 'கிலோ' என்ற புதிய பத்தியோடு திருப்பி ஏற்றுங்கள். பிறகு விலையோடு இணைத்து வகுத்தால் போதும். வகுத்தல் எஸ்கியூஎல்லுக்குத் தெரியும். லட்சக்கணக்கான விலை வரிகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

முட்டைக்குப் பொருள் பட்டியலில் அளவு '10 biji' (பத்து முட்டை) என்று இருக்கும். அதற்குக் கிலோ தேடாமல் என்ஏ வைத்துவிடுங்கள்.