எவர்சில்வரும் இரும்பும் சேரும் இடம்

பத்தாம் வகுப்பில் உலோகக்கலவைகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "எவர்சில்வர் துருப்பிடிக்காதுன்னு சொல்றீங்க சார், நம்ம தொட்டி துருப்பிடிச்சிருக்கே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்.

போய்ப் பார்த்தேன். மதிய உணவுக்குப் பின் தட்டு கழுவுவதற்காக, எவர்சில்வர் தொட்டியை இரும்புக் குழாய்க் கால்களில் பற்றவைத்து நிறுத்தியிருந்தோம். தகடு பளபளப்பாகவே இருந்தது. பற்றவைத்த கோடு மட்டும் செம்பழுப்பாக மாறி, ஒரு காலில் மயிரிழை விரிசலும் ஓடியிருந்தது. அன்றே தண்ணீரை வடித்து இறக்கி வைத்தோம். அது நிறைந்திருக்கும்போது பிள்ளைகள் மேல் சாய்ந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

அருப்புக்கோட்டையில் அனுபவமுள்ள ஒரு வெல்டரிடம் கொண்டுபோனேன். "சாதா ராடு போட்டு ஒட்டியிருக்காங்க சார். இதுக்கு 309 போடணும்" என்றார். தொட்டித் தகடு 304 வகை. 304-ஐ 304-உடன் பற்றவைக்க 308 ராடு என்று படித்திருந்ததால், "308 போதாதா அண்ணே?" என்றேன். "போதாது, இரும்பு இழுத்துக்கும்" என்றார். அந்த ஒரு வரிக்குள் ஒரு பாடமே இருந்தது.

மறுநாள் கரும்பலகையில் சதவீதக் கணக்காகப் போட்டோம். பற்றவைக்கும்போது ராடு மட்டும் உருகுவதில்லை. இருபக்க உலோகமும் கொஞ்சம் உருகி அதனுடன் கலக்கிறது. 70 சதவீதம் ராடு, 15 சதவீதம் தகடு, 15 சதவீதம் இரும்பு என்று வைத்துக்கொள்வோம். தகட்டில் குரோமியம் ஏறத்தாழ 18, நிக்கல் 8 சதவீதம். சாதா ராடில் இரண்டுமே இல்லை. ஆகவே இணைப்பில் குரோமியம் 2.7 சதவீதம்தான் வரும். துருவைத் தடுக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் நிலைக்கக் குறைந்தது 10.5 சதவீதம் வேண்டும். துருப்பிடித்த காரணம் புரிந்துவிட்டது. விரிசலுக்கும் இதிலேயே காரணம் உண்டு. இந்தக் கலவை குளிரும்போது மார்ட்டென்சைட் என்னும் கடினமான, எளிதில் உடையும் அமைப்பாக மாறுகிறது.

308-இல் குரோமியம் சுமார் 20, நிக்கல் 10. துருக் கணக்கில் அது தேறிவிடும். ஆனால் இரும்பு கூடுதலாக உருகி, 25 சதவீதம் இரும்பும் 15 சதவீதம் தகடும் கலந்தால் குரோமியம் 14.7, நிக்கல் 7.2 என்று இறங்கிவிடும். மார்ட்டென்சைட் தலைகாட்ட அது போதும். 309-இல் குரோமியம் 24, நிக்கல் 13 அளவில் இருப்பதால், அதே கலப்பிலும் 17.1, 9.0 என்று நிற்கிறது. நீர்த்துப்போகும் என்று தெரிந்தே செறிவாகச் செய்த ராடு அது. 309 எல் என்பதில் வரும் 'எல்' கார்பன் குறைவானது என்பதைக் குறிக்கும்.

இதற்கு ஒரு காந்தமும் உதவும். 304 தகட்டில் காந்தம் ஒட்டாது. பழைய இணைப்பில் நன்றாக ஒட்டியது. 309 இணைப்பில் லேசாகத்தான் இழுக்கும். தகட்டை வளைத்த மூலைகளிலும் சற்று இழுக்கலாம், பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துக் கேட்பார்கள். வளைக்கும்போது அங்கே கொஞ்சம் மார்ட்டென்சைட் உருவாவதுதான் காரணம். வெல்டிங் நடக்கும் இடத்துக்கு மட்டும் மாணவர்களை அழைத்துப் போக வேண்டாம். ஒளி கண்ணைக் கெடுக்கும், புகையில் குரோமியம் இருக்கும். ஆறிய துண்டுகளை வகுப்புக்குக் கொண்டுவந்தாலே போதும்.

வெப்ப விரிவுப் பாடத்தையும் இங்கே சேர்க்கலாம். ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் நீளத்தில் 304 ஏறத்தாழ 17 மைக்ரோமீட்டரும் சாதா இரும்பு 12 மைக்ரோமீட்டரும் விரிகின்றன. கொதிகலன் போல உயர் வெப்பத்தில் இயங்கும் இணைப்புகளுக்கு 309-ஐ விட நிக்கல் அடிப்படையிலான ராடையே விரும்புவதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம். தண்ணீர்த் தொட்டிக்கு அவ்வளவு தேவையில்லை.

எங்கள் தொட்டியின் கால்கள் ஜி.ஐ. குழாய். துத்தநாகப் பூச்சை இணைப்பு ஓரத்தில் முழுக்கத் தேய்த்து எடுத்த பிறகே வெல்டர் ராடைத் தொட்டார். உருகிய துத்தநாகம் எவர்சில்வருக்குள் புகுந்தால் அதுவும் விரிசல் விடும். பிறகு இணைப்பின் மேலும், இருபுறமும் சில அங்குலத்துக்கும் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். திருச்சுழிப் பக்கத்து உப்புத்தண்ணீரில் எவர்சில்வரைத் தொட்டு நிற்கும் இரும்பு, தனியாக நிற்பதைவிட வேகமாக அரிக்கும். அந்தப் பெயிண்டை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் பொறுப்பைக் கேள்வி கேட்ட மாணவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.