பையில் தண்ணீர் வடிய மறுக்கிறதா?

கேள்வி: அப்பாவுக்கு வீட்டில் வயிற்று டயாலிசிஸ். மூன்று நாளாக மலம் போகவில்லை. தண்ணீரும் மெதுவாகத்தான் வடிகிறது. பேதி மருந்து கொடுக்கலாமா?
– வாசகி, ஜாசின்

பதில்: கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அம்மா. இன்றே டயாலிசிஸ் தாதியை அழையுங்கள். மலம் அடைத்த குடல் வயிற்றுக்குழாயை நெருக்கும், நகர்த்தியும்விடும். வடிவது தாமதமாக அதுவே காரணமாகலாம். குடற்கிருமி கசிந்து தொற்றும் வரலாம். கால்சியம், இரும்பு மாத்திரைகள் மலத்தை இறுக்கும். மருத்துவர் பெரும்பாலும் லாக்டுலோஸ் தருவார். மெக்னீசியம் கலந்த பேதி மருந்தும் பாஸ்பேட் எனிமாவும் வேண்டாம்.

பழம் நல்லதென்று நட்சத்திரப்பழச் சாறு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்! சிறுநீரகம் பழுதானவருக்கு அதன் நஞ்சு மூளையில் ஏறும். விடாத விக்கல், வலிப்பு, மரணம்கூட நேரும். வடிந்த தண்ணீர் கலங்கியிருந்தாலோ, வயிறு வலித்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.