மாறிய விதியும் கூடிய மக்களும்

தமிழகத்தின் வட எல்லையில் தணிகை மலை நிமிர்ந்து நிற்கின்றது. செருவிலே சினந்த முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடமாதலின் செருத்தணி என்று பெயர் பெற்று, அதுவே பின்பு திருத்தணி ஆயிற்று என்பர். ஆடிக் கிருத்திகையன்று பூக்காவடி சுமந்து மலையேறும் கூட்டத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். ஊரைக் கடந்து சிறிது வடக்கே சென்றால் ஆந்திர மாநிலத்து நகரியை அடையலாம். இப்பக்கத்தார் பெண் கொடுப்பதும் கொள்வதும் மாநில எல்லையைப் பார்த்து நடப்பதில்லை.

ஊர் என்று ஒன்று இருந்தால் அங்கே மக்கள் கூடுவதற்கு ஓர் இடம் இருத்தல் பண்டை வழக்கம். மன்றம் என்றும், பொதியில் என்றும், அம்பலம் என்றும் அவ்விடத்தை முன்னோர் அழைத்தனர். மரத்தடியில் அமைந்த அம்மன்றத்திற்குத் தனி உரிமையாளர் எவரும் இலர். அதன் கட்டுப்பாடுகள் ஏட்டில் எழுதப்படவில்லை. ஆயினும் ஊரார் அனைவரும் அவற்றை அறிந்திருந்தனர். அம்மன்றத்திலே எல்லோர்க்கும் ஒத்த இடம் இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றே விடை கூற வேண்டும். எனினும், கட்டுப்பாட்டை மாற்ற விரும்பியவர் அங்கேயே எழுந்து நின்று பேச வேண்டியிருந்தது. அவர் முகத்தைப் பிறர் கண்டனர்.

இன்று மன்றம் செல்பேசிக்குள் புகுந்துவிட்டது. திருத்தணியில் வாழும் குடும்பத்தார் நகரியிலும் புத்தூரிலும் உள்ள உறவினரோடு வாட்ஸ்அப் குழுவில் உரையாடுகின்றனர். காவடி எடுப்போர் புறப்படும் நாளை அதிலே குறிக்கின்றனர். நெசவுத் தொழில் செய்வோர் நூல் விலையை அதிலே கேட்டறிகின்றனர். 2021-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்திய அரசு வெளியிட்ட கணக்கின்படி, வாட்ஸ்அப்பைப் பயன்படுத்துவோர் இந்நாட்டில் 53 கோடிப் பேர். முகநூலைப் பயன்படுத்துவோர் 41 கோடிப் பேர். இத்துணைப் பெரிய மன்றத்தை முடியுடை மன்னர் எவரும் கூட்டியதில்லை. ஆனால், இம்மன்றத்திற்கு உரிமையாளர் உண்டு. அவர் கடல் கடந்த நாட்டில் உள்ள ஒரு நிறுவனத்தார். விதிகளை வகுப்பவரும் அவரே, மாற்றுபவரும் அவரே. கூடியிருப்போர் செய்யக்கூடியது, 'ஏற்கிறேன்' என்னும் சொல்லின்மேல் விரலை வைப்பது ஒன்றே என்று தோன்றும். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

விதி மாற்றம் எல்லாமே தீது என்று கொள்ளுதல் தவறு. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், குழந்தைகளைக் கடத்துவோர் ஊருக்குள் புகுந்துள்ளனர் என்னும் பொய்ச் செய்தி வட தமிழகத்துச் செல்பேசிகளில் காட்டுத் தீயெனப் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூருக்கு அருகில், கோயிலுக்குச் சென்று கொண்டிருந்த முதிய பெண்மணி ஒருவர் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். அவரைக் கடத்தல்காரர் என்று ஐயுற்ற கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பழவேற்காட்டில் மற்றொருவர் அவ்வாறே உயிரிழந்தார். நாட்டின் வேறு பல இடங்களிலும் இக்கொடுமை நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு விதித்தது. 2020-இல், பன்முறை கைமாறி வந்த செய்தியை ஒரே முறையில் ஓரிடத்திற்கு மட்டுமே அனுப்பலாம் என்று அதனை மேலும் இறுக்கியது. இக்கட்டுப்பாட்டை முணுமுணுத்தவர் இருந்திருக்கலாம். எதிர்த்து எழுந்தவர் அரியர். காரணம் விளங்கிய விதிக்கு மக்கள் எளிதில் இசைகின்றனர்.

2021-இல் நடந்தது வேறு வகையானது. அவ்வாண்டு ஜனவரியின் முதல் வாரத்தில், வாட்ஸ்அப் தன் தனியுரிமை விதிகளை மாற்றுவதாக ஓர் அறிவிப்பை ஒவ்வொரு செல்பேசியிலும் தோன்றச் செய்தது. பிப்ரவரி 8-ஆம் நாளுக்குள் ஏற்காதவர் அதனைத் தொடர்ந்து பயன்படுத்த இயலாது என்பது அதன் பொருள். வாட்ஸ்அப்பை 2014-இல் விலைக்கு வாங்கியது முகநூல் நிறுவனம். வணிகர்களோடு மக்கள் நடத்தும் உரையாடல் முதலியவை பற்றிய விவரங்களை அந்நிறுவனம் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதையே புதிய விதிகள் பேசின. நண்பர் இருவர் பேசிக்கொள்ளும் செய்தி முன்போலப் பூட்டப்பட்டே செல்லும் என்று நிறுவனம் விளக்கியது. அஃது உண்மையே. ஆனால், விதிகளின் நடை அத்துணைக் கடினமாக இருந்தமையால், தம் வீட்டுப் பேச்சையெல்லாம் யாரோ படிக்கப் போகின்றனர் என்று பலர் அஞ்சினர். அச்சத்தில் ஒரு பங்கு வதந்தி. மறு பங்கு நியாயமான சினம். கேளாமல் மாற்றியதும், ஏற்காவிடின் வெளியேறு என்றதுமே அச்சினத்திற்குக் காரணம்.

மக்கள் முதலில் மேற்கொண்ட வழி வெளியேறுதல். சிக்னல், டெலிகிராம் என்னும் வேறு மன்றங்களை நோக்கி உலகெங்கும் பெருங்கூட்டம் பெயர்ந்தது. டெலிகிராமில் 72 மணி நேரத்தில் 2½ கோடிப் பேர் புதிதாகச் சேர்ந்தனர் என்று அதன் தலைவர் அறிவித்தார். சிக்னல், வந்த கூட்டத்தைத் தாங்க மாட்டாமல் ஜனவரி 15-ஆம் நாள் நிலைகுலைந்து, பின்னர் எழுந்தது. இத்துணை ஆரவாரம் நிகழ்ந்தும் வாட்ஸ்அப் காலியாகவில்லை. சென்றவர் பலர் புதிய இடத்தில் ஒரு காலும் பழைய இடத்தில் ஒரு காலுமாக நின்றனர். பேரன் புதிய மன்றத்திற்குச் சென்றாலும் பாட்டி பழைய மன்றத்திலேயே இருந்தாள். அவளோடு பேச அவன் திரும்பித்தானே ஆக வேண்டும்? ஒருவர் தம் வீட்டை மாற்றிக்கொள்ளலாம். தம் சுற்றத்தையும் ஊரையும் தூக்கிச் செல்லுதல் எளிதன்று.

கூட்டம் ஓரிடத்தை விட்டு மற்றோரிடம் செல்வது எவ்வாறு கைகூடும் என்பதற்குத் தணிகை மலையிலேயே ஒரு சான்று உண்டு. ஆங்கிலேயர் ஆண்ட நாளில், புத்தாண்டு தோறும் இந்திய அலுவலர்கள் பழமும் மாலையும் ஏந்தி வெள்ளை அதிகாரிகளின் வாயிலில் காத்து நின்றனர். அதனைக் கண்டு வருந்திய வள்ளிமலைச் சுவாமிகள், வெள்ளையரின் வாயிற்படி ஏறுமுன் முருகனின் படிகளை ஏறுங்கள் என்று அழைத்தார் என்பர். 1917-ஆம் ஆண்டு அவர் தொடங்கிய திருப்படித் திருவிழா இன்றும் டிசம்பர் 31-ஆம் நாள் நடைபெறுகின்றது. மலையின் 365 படிகளிலும் படிக்கு ஒரு திருப்புகழ் பாடி மக்கள் ஏறுகின்றனர். வெளியேறிய கூட்டத்திற்கு அங்கே ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு வழி இருந்தது. சேர்ந்து பாட ஒரு பாட்டும் இருந்தது. செல்பேசி மன்றங்களை விட்டுப் புறப்பட்டோர்க்கு இவை வாய்க்கவில்லை.

2019-இலேயே இந்தியர் சிலர் அவ்வாறு புறப்பட்டுப் பார்த்தனர். அப்போது ட்விட்டர் என்று வழங்கி, 2023 முதல் எக்ஸ் எனப் பெயர் மாறிய தளத்தில், உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டே ஒரு பழைய நிழற்படத்தை வைத்திருந்தார். இட்லர் ஆட்சியில் பெருங்கூட்டமே கை நீட்டி வணங்க, ஒருவர் மட்டும் வணங்காமல் கைகட்டி நிற்கும் படம் அது. கொடுங்கோன்மையை மறுக்கும் அப்படத்தை வெறுப்பைப் பரப்பும் படம் என்று கொண்டு, அவருடைய கணக்கை நிறுவனம் முடக்கியது. படத்தில் உள்ள சின்னத்தைக் கண்ட கண், வணங்காது நின்றவரைக் காணவில்லை போலும்! சினமுற்றோர் பலர் அவ்வாண்டு நவம்பரில் மாஸ்டடான் என்னும் தளத்திற்குப் பெயர்ந்தனர். ஒடுக்கப்பட்ட மக்களின் கணக்குகள் மட்டும் கடுமையாக நடத்தப்படுகின்றன என்னும் மனக்குறையும் அப்பெயர்ச்சிக்குத் துணை நின்றது. மாஸ்டடானுக்கு ஒரே உரிமையாளர் இல்லை. சிறு சிறு குழுவினர் தத்தம் மன்றத்தைத் தாமே நடத்தித் தமக்கு வேண்டிய விதிகளைத் தாமே வகுத்துக்கொள்கின்றனர். இவ்வமைப்பு நன்றே. எனினும், சின்னாளில் பெரும்பாலோர் பழைய இடத்திற்கே மீண்டனர். வழக்கறிஞரோ நீதிமன்றத்தை நாடினார்.

வெளியேறாமல் உள்ளிருந்தே எதிர்ப்போரும் உண்டு. 2023 ஜூனில் ரெடிட் என்னும் தளத்தின் புதிய கட்டண விதியை எதிர்த்து, ஆயிரக்கணக்கான குழுக்கள் தம் வாயிலைத் தாமே அடைத்து இருளில் மூழ்கின. ஏறக்குறையக் கடையடைப்புப் போன்றது அது. நிறுவனம் அசையவில்லை, அடைத்த கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முழக்கம் இருந்தது, அதனைக் கேட்டே தீர வேண்டிய செவி அங்கே இல்லை.

கேட்டே தீர வேண்டிய செவி ஒன்று இருந்தால் என்ன நிகழும் என்பதைத் திருத்தணி தன் வாழ்விலே கண்டது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அம்மாநிலத்தில் சேர்ந்தது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர், மாநிலம் மாறியது. ம.பொ.சிவஞானம் போராட்டத்திற்குத் தலைமை தாங்கிச் சிறை புகுந்தார். மங்கலங்கிழார் என்னும் தமிழாசிரியர் ஊர் ஊராகச் சென்று மக்களை ஒன்று கூட்டினார். முழக்கத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. எந்த ஊரில் எம்மொழி பேசுவோர் மிகுதி என்று எடுத்துக் காட்டி வாதாடினர். நடுவராக வந்த படாஸ்கர், கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோர் மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் பார்த்து எல்லை வகுத்தார். 1959-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. அதற்கு ஈடாகச் சென்னை மாநிலத்து ஊர்கள் சில ஆந்திரத்திற்குச் சென்றன. தெலுங்கு பேசுவோர் பலர் இப்பக்கத்தும், தமிழ் பேசுவோர் பலர் அப்பக்கத்தும் தங்கினர். எல்லோர் மனமும் குளிர்ந்தது என்று கூறுவதற்கில்லை. ஆயினும், நடுவரும் நாடாளுமன்றமும் காரணம் கேட்டனர், காரணம் கூறினர்.

செல்பேசி மன்றத்தின் உரிமையாளரையும் அத்தகைய நடுவர்முன் நிறுத்த இயலுமா? இயலும் என்று முதலில் காட்டியவர் மாணவர் இருவர். 2016-இல், மக்கள் பற்றிய விவரங்களை முகநூல் நிறுவனத்தோடு பகிர்ந்துகொள்ள வாட்ஸ்அப் விதி மாற்றியபோது, அவ்விருவரும் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அங்கே ஒரு பகுதி நிவாரணமே கிடைத்தது. அவர்கள் ஓயவில்லை, உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றனர். அவ்வழக்கு நிலுவையில் இருந்த காலத்தே, 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள், வேறொரு வழக்கில் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-இன் மாற்றத்தை எதிர்த்து மக்கள் எழுந்தபோது, அரசும் அதனைக் கைவிடுமாறு நிறுவனத்திற்குக் கடிதம் எழுதியது. பிப்ரவரிக் கெடு மே மாதத்திற்குத் தள்ளப்பட்டது. பின்னர், புதிய விதியை ஏற்காதவர்க்கும் பணியைக் குறைக்க மாட்டோம் என்று நிறுவனம் அரசிடம் உறுதி கூறிற்று. அவ்வுறுதி மக்களுக்குத் தெரியாமல் கோப்பிலே கிடந்தால் என்ன பயன்? 2023 பிப்ரவரி முதல் நாள், அதனைப் பெரிய நாளிதழ்கள் ஐந்தில் முழுப்பக்க விளம்பரமாக இருமுறை வெளியிடுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

இதனிடையே இந்தியப் போட்டி ஆணையம் தானே முன்வந்து ஆராயத் தொடங்கியது. 'ஏற்றுக்கொள், அன்றேல் வெளியேறு' என்பது தன் பெருவலிமையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்று கண்டு, 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. விளம்பரத்திற்காக விவரங்களைப் பகிர்வதற்கு ஐந்தாண்டுத் தடையும் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2025 நவம்பரில் தேசிய நிறுமச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை நிலைநிறுத்தி, ஐந்தாண்டுத் தடையை மட்டும் நீக்கிற்று.

நீதிமன்றம் செல்ல எல்லோராலும் இயலுமா? சாதாரண மக்களுக்கென்று அரசு சிறு வாயில் ஒன்றையும் அமைத்துள்ளது. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு பெரிய தளமும் குறை கேட்கும் அலுவலர் ஒருவரை இந்தியாவில் அமர்த்த வேண்டும். தம் பதிவு காரணமின்றி நீக்கப்பட்டது என்று கருதுவோர் அவருக்கு எழுதலாம். அவர் முடிவு மனநிறைவு அளிக்காவிடின், 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டுக் குழுவை நாடலாம். அரசே அமைக்கும் குழு அரசைக் குறைகூறும் பதிவை எங்ஙனம் நோக்கும் என்று ஐயுறுவோர் உளர், அவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. 2022 அக்டோபரில் அவ்விதிகள் திருத்தப்பட்டபோது, மற்றொரு கடமையும் சேர்க்கப்பட்டது. தளத்தின் விதிகளை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளுள் பயன்படுத்துவோர் விரும்பும் மொழியிலோ படிக்கத் தருதல் வேண்டும் என்பது அது. தமிழும் தெலுங்கும் அவ்வட்டவணையில் உள்ளன. திருத்தணியில் இருப்பவர் அதனைத் தமிழில் கேட்கலாம். நகரியில் உள்ள அவருடைய மைத்துனர் தெலுங்கில் கேட்கலாம்.