உளவியல் கற்கப் புகுவோர்க்கு

கலியாண வீட்டிலோ அந்தியேட்டி வீட்டிலோ பந்தியில் அமர்ந்திருக்கும்போது, தான் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பதாக ஒரு மாணாக்கன் சொல்லிவிட்டால், அருகிலிருக்கும் பெரியவர் தவறாமல் ஒன்று கேட்பார்: "தம்பி, அப்ப என்ரை மனத்துக்கை என்ன கிடக்குதெண்டு சொல்லு பாப்பம்." சாத்திரியாரிடம் கேட்கவேண்டிய கேள்வி இது. தான் நேற்றுப் படித்ததில் இன்று எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதையே அறியாத முதலாண்டு மாணாக்கன் இதற்கு என் செய்வான்? சிரித்துவிட்டுப் பாயசத்தை எதிர்பார்த்திருப்பான். ஆயினும் அப்பெரியவர் கொண்ட கருத்தையே மாணாக்கரிற் பலரும் உள்ளத்திற் கொண்டு இத்துறையிற் புகுகின்றனர் என்பதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முன்னாளில் மனோதத்துவம் என்றும் உளநூல் என்றும் வழங்கிய இக்கல்வி இன்று உளவியல் எனப்படுகின்றது. ஜேர்மனியின் இலெயிப்சிக் நகரில் 1879ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் வூண்ட் என்பார் ஆய்வுகூடம் ஒன்றை நிறுவியதை இதன் பிறப்பாகக் கொள்வர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916இலும், மைசூரில் 1924இலும், சென்னையில் 1943இலும் இதற்கெனத் துறைகள் தோன்றின. 1942இல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகமோ பேராதனையில் இதனை மெய்யியலின் அரவணைப்பிலேயே நெடுங்காலம் வைத்திருந்தது. திருநெல்வேலியில், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பரமேசுவராக் கல்லூரி நின்ற வளவில் 1974இல் தோன்றி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் மெய்யியலை அடுத்தே வளரலாயிற்று.

இதனைக் குறையென்பார் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. க.பொ.த. உயர்தரத்தில் உளவியல் என்றொரு பாடம் இல்லை. அளவையியலும் விஞ்ஞானமுறையும் என்ற பாடமோ உண்டு. அதனைச் செவ்வனே கற்று வருபவன், காரணம் இது காரியம் இது என்று அவசரப்பட்டு முடிவுகட்டாத பயிற்சியையும் உடன் கொண்டு வருகின்றான். குறை வேறிடத்தில் இருக்கின்றது. கலைப்பீடத்துப் பாடமாதலின் இது கட்டுரை எழுதித் தேறும் பாடம் என்று நம்பி வருபவன், முதல் தவணையிலேயே புள்ளிவிபரவியலைக் கண்டு திகைத்துப் போகின்றான்.

உளவியல் எவ்வாறு அளக்கின்றது என்பதை அறிய நினைவு பற்றிய ஆய்வைப் போல் ஏற்ற வாயில் வேறில்லை. எபிங்கவுஸ் என்னும் ஜேர்மானியர் தம்மையே ஆய்வுப் பொருளாக்கி, பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2300 அமைத்து, அவற்றை வரிசை வரிசையாக மனனஞ் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கின்றது என்று அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். மறந்ததை மீளக் கற்கும்போது எவ்வளவு முயற்சி மிச்சப்படுகின்றது என்பதே அவர் கொண்ட அளவுகோல். இருபது நிமிடத்தின் பின் நூற்றுக்கு 58 பங்கும், ஒரு மணி நேரத்தின் பின் 44 பங்கும், ஒரு நாளின் பின் 34 பங்கும், 31 நாளின் பின் 21 பங்கும் மிச்சப்பட்டன. மறதி முதலில் விரைந்தும் பின்னர் தயங்கியும் நடக்கின்றது என்க.

இவ்வாய்வைத் தமிழில் செய்துபார்க்க முனையும் மாணாக்கனுக்கு ஓர் இடர் உண்டு. தமிழிற் பொருளற்ற அசையைக் காண்பது எளிதன்று. ஓரெழுத்தே சொல்லாக நிற்பவை 42 என நன்னூலார் கணக்கிட்டுள்ளார். மெய்யில் முடியும் ஓரசைகளை எடுத்தாலோ கல், கண், நெல், பல், மண் என்று எங்கு தொட்டாலும் பொருளே எதிர்ப்படும். பொருள் வரவே கூடாதென்று ழுட், றிக் என அமைத்தால், மொழிக்கு முதலில் வாரா எழுத்தும் ஈற்றில் வாரா எழுத்தும் சேர்ந்து நாவை இடறச் செய்யும். அப்போது அளக்கப்படுவது நினைவா, நாவின் தடுமாற்றமா என்று சொல்லல் அரிது. ஆகவே நொம், பெள் போல, நாவுக்கு இசைந்தும் பொருள் தாராதும் நிற்கும் அசைகளைத் தேடித் தேடிச் சேர்த்தல் வேண்டும். அத்தேடலுக்கு ஒரு கிழமை செல்லும். அந்த ஒரு கிழமையில் மாணாக்கன் கற்பது, பாடநூலின் ஓர் அதிகாரத்தில் உள்ளதினும் அதிகம் என்பது எமது துணிபு. பிறமொழியார் வகுத்த கருவியை அப்படியே எடுத்து எம்மவர் மீது வைத்தல் ஆகாது என்பதை அவன் தன் கையாலேயே செய்து உணர்கின்றான்.

அதே எபிங்கவுஸ் பைரனின் செய்யுட்களையும் மனனஞ் செய்தார். பொருளற்ற அசைகளுக்குச் செலவான முயற்சியில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே அவற்றுக்குப் போதியதாயிற்று. பண்ணோடு தேவாரப் பதிகம் பாடி வளர்ந்த எமது பிள்ளைகளுக்கு இது புதுமையன்று. எதுகையும் மோனையும் நினைவுக்கு ஊன்றுகோல்கள் அல்லவா? பரீட்சைக்குப் படிப்போர் கவனிக்கவேண்டிய வேறொரு முடிவும் அந்நூலில் உண்டு. ஒரே இருப்பில் 68 முறை படித்ததனால் வந்த பயன், மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து 38 முறை படித்ததனாலும் வந்தது. பரீட்சைக்கு முதல்நாள் இரவு தேநீரோடு விழித்திருக்கும் தம்பிமார் இக்கணக்கை ஒருமுறை நோக்குவாராக.

இனி, பாடநூல்கள் கூறுவனவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்? அமெரிக்காவின் முதன்மையான உளவியல் சஞ்சிகைகள் சிலவற்றை ஆராய்ந்த ஆணெற் என்பார், அவற்றில் ஆராயப்பட்டோரில் நூற்றுக்கு 96 பேர் மேலைக் கைத்தொழில் நாடுகளைச் சேர்ந்தவர் என்று 2008இல் காட்டினார். அந்நாடுகளில் வாழ்வோரோ உலக மக்களில் நூற்றுக்கு 12 பேரே. 2015இல் பல நாட்டு ஆய்வாளர் கூடி, முன்னர் வெளிவந்த நூறு ஆய்வுகளை மீளச் செய்து பார்த்தபோது, நூற்றுக்கு 36 அளவிலேயே முன்னைய முடிவு உறுதிப்பட்டது. இவற்றைக் கேட்டு இத்துறையை இகழ்வார் உளர். தன் பிழையைத் தானே எண்ணி, எண்ணிய தொகையை அச்சிட்டும் வெளியிடும் கல்வியை நாம் மதிக்கின்றோம்.

எமது ஊருக்கு நெருங்கிய உதாரணம் ஒன்று காண்போம். மனச்சோர்வை அளக்க ஆரன் பெக் என்னும் மருத்துவர் 1961இல் வகுத்த 21 வினாக்கொண்ட தொகுதி உலகெங்கும் வழங்குகின்றது. தான் தண்டிக்கப்படுவதாக ஒருவர் எண்ணுகிறாரா என்பதும் அதிற் கேட்கப்படுகின்றது. ஊழ்வினை உருத்து வந்தூட்டும் என்று சிறுவயது முதலே கேட்டு வளர்ந்த வலிகாமத்து முதியவர் ஒருவர், ஆம் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு மாலைப் பூசைக்கு எழுந்து செல்வார். அவருக்குப் புள்ளி இடுவதா, விடுவதா? துயரத்தை நோயென்று பெயரிடுமுன் அதனைச் சூழ்ந்த சமயத்தையும் நோக்கவேண்டும் என்று இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1985இல் எழுதிய கட்டுரை இவ்விடத்தில் கற்கத் தக்கது. அவர் பௌத்தரைக் கருதி எழுதினார்; சைவர்க்கும் அவ்வினா பொருந்தும்.

மொழியும் இவ்வாறே. நாள் முழுதும் தோட்டத்தில் நின்றவர் கால் உளைகிறது என்பார். மகனைப் பிரிந்த தாய் மனம் உளைகிறது என்பாள். ஒரே சொல். உடலையும் உள்ளத்தையும் வெவ்வேறு அதிகாரங்களில் வைத்துப் படித்த மாணாக்கன், தலையிடி என்றும் நெஞ்செரிவு என்றும் முறையிடுபவர் எதனைச் சொல்கிறார் என்று அறிய, முதலில் தன் ஆச்சியின் பேச்சைக் கவனித்துக் கேட்டல் நன்று.

புள்ளிவிபரத்தை வெறுப்போர்க்கு இன்னும் ஒன்று. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக உயர்ந்து, உலகில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிற்று. காதல் தோல்வி, வறுமை, யுத்தம் என்று காரணங்கள் பல கூறப்பட்டன. ஆயினும் 2005 அளவில் அவ்வீதம் பாதியாகக் குறைந்தது. யுத்தம் அப்போது ஓயவில்லை, வறுமையும் ஒழியவில்லை. ஆண்டுவாரியாக எண்களை ஆராய்ந்தோர், கடும் நஞ்சான பூச்சிகொல்லிகள் 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்டமையே பெருங்காரணமாதல் வேண்டும் எனக் கண்டனர். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிரிடும் எமது குடாநாட்டில் இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கணநேரத் துயரில் எட்டிய கைக்கு நஞ்சு எட்டாதிருப்பின், அவ்வுயிர் பெரும்பாலும் பிழைக்கின்றது. மனத்தை மட்டுமே நோக்கியிருப்பவனுக்கு இவ்விடை தோன்றாது. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் இவ்வீதம் குறைந்திருந்தமையை மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் முதலியோர் எழுதியுள்ளனர். போர்க்காலத்தில் அது குறைதல் உண்டென்று துர்க்கைம் 1897இலேயே காட்டியிருந்தார்.

யுத்தம் என்றதும் சொல்லவேண்டியது மிக உண்டு. 1995 ஒற்றோபரில் வலிகாமம் முழுதும் ஓரிரவில் பெயர்ந்து நடந்ததையும், 2004 திசெம்பர் 26இல் வடமராட்சி கிழக்கைக் கடல் கொண்டதையும், 2009இன் முடிவையும் கண்டவர் வீடுதோறும் உளர். அனுபவித்த பேரிடரின் விளைவைக் குறிக்க 'மனவடு' என்னும் சொல் எம்மிடையே வழங்குகின்றது. புண் ஆறினும் வடு நிற்கும் என்ற வேறுபாடு வள்ளுவர் முதலாகத் தமிழர் அறிந்ததே. தயா சோமசுந்தரம் 1998இல் யாழ்ப்பாணத்து மக்களின் மனவடுக்களைப் பற்றி நூல் எழுதினார். பின்னர், ஒருவரின் காயத்தை மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் சேர்ந்து கொண்ட காயத்தையும் கருதவேண்டும் என வற்புறுத்தினார்.

அவ்வூரிலேயே இளங்கலை மாணாக்கனும் வாழ்கின்றான். பொதுப் பட்டம் மூன்றாண்டு, சிறப்புப் பட்டம் நான்காண்டு. இரண்டும் அவனை மருத்துவ உளவியலாளனாக்கா. அதற்கு மேற்பயிற்சியும் தேர்ந்தோரின் மேற்பார்வையும் வேண்டும். பட்டத்தின் மை காயுமுன் ஒழுங்கையில் பெயர்ப்பலகை நாட்டுவோரைக் கண்டு நாம் அஞ்சுகின்றோம். ஆயினும் ஊர் அவனை விடாது. ஒருநாள் மைமலில் உறவினளான ஒரு தாய் தன் மகளோடு வந்து விறாந்தையில் இருந்து, "நீ இதைத்தானே தம்பி படிக்கிறாய், இவளோடை ஒருக்கால் கதைச்சுப் பார்" என்பாள். அவன் செய்யத்தக்கது, குறுக்கிடாமற் கேட்டல். நோய்க்குப் பெயர் சூட்டாதிருத்தல். 'அங்கொடை' என்று சொல்லி ஏளனஞ் செய்யும் ஊரில், மனநலப் பிரிவுக்குப் போவது இழுக்கன்று என்று தாய்க்கு விளங்கவைத்தல். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் அத்தகைய பிரிவுகள் உள்ளன. வேண்டுமாயின் பஸ்சில் அவர்களுடன் கூடச் சென்று, வாங்கில் காத்திருந்து வரலாம். திரும்பி வரும்போது சந்தியில் நிற்பவர், எங்கே போய் வருகிறீர்கள் என்று நிச்சயமாகக் கேட்பார். அதற்கு விடை சொல்வதோ சொல்லாது விடுவதோ அந்தப் பெண்ணின் உரிமை, அவனுடையதன்று.